வொர்க்மேனேஜர்: பால் சென்டர் ஆப்பில் வைத்துப் பார்த்த அனுபவம்

ஆண்ட்ராய்டு ஆப்பில் பின்னணி வேலைகளுக்கு, அதாவது ஆப் திரையில் இல்லாதபோதும் நடக்க வேண்டியவற்றுக்கு, எதை வைத்துக்கொள்வது என்று யாராவது கேட்டால், முதலில் நான் ஒரு கேள்வி கேட்பேன். அந்த வேலை எப்படியும் நடந்தே தீர வேண்டுமா, இல்லை இந்த நிமிடமே நடக்க வேண்டுமா? எப்படியும் நடந்தால் சரி, கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் பரவாயில்லை என்றால் தயங்காமல் கூகுளின் வொர்க்மேனேஜர் லைப்ரரியை எடுத்துக்கொள்ளலாம். இந்த நிமிடமே வேண்டும் என்பவர்கள் கீழே உள்ளதையும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். சில வருடங்களாக இந்த லைப்ரரியோடுதான் என் பிழைப்பு ஓடுகிறது. மனதாரப் பாராட்ட இதில் நிறைய இருக்கிறது. எச்சரிக்க வேண்டியவையும் இருக்கின்றன.

எங்கள் ஆப் என்ன செய்கிறது என்று சொன்னால்தான் மற்றது புரியும். ஒரு தனியார் பால் நிறுவனத்துக்காக எழுதியது. தருமபுரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் கிராமத்துக்குக் கிராமம் அவர்களுக்குப் பால் சென்டர் உண்டு. காலை ஐந்தரை மணிக்கே ஆட்கள் கேனோடு வந்து நிற்பார்கள். சென்டரில் இருப்பவர் பாலை அளந்து, சாம்பிளை அனலைசரில் வைத்து, லிட்டர், ஃபேட், எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) மூன்றையும் போனில் பதிவு செய்வார். விலை அங்கேயே கணக்காகிவிடும். பிறகு அந்தப் பதிவு தலைமை அலுவலகத்தின் சர்வருக்குப் போக வேண்டும். பட்டுவாடா அதை வைத்துத்தான் நடக்கிறது. ஒரு பதிவு தொலைந்தால் ஒரு வீட்டின் ஒரு வேளைப் பால் காசு தொலைந்தது என்று அர்த்தம். ஜவ்வாது மலைப் பக்கத்துச் சென்டர்களில் சிக்னல் வரும், போகும். பதிவு போடும் நேரத்தில் நெட் இருக்கும் என்று நம்பி அங்கே எதையும் எழுத முடியாது.

பழைய காலத்து வழி, திரை இல்லாமல் ஓடும் ஒரு சர்வீஸைத் தொடங்கிவிட்டு அது பின்னால் ஓடிக்கொண்டே இருக்கட்டும் என்று விடுவது. இன்னும் பல பாடக் காணொளிகள் அதைத்தான் சொல்லிக்கொடுக்கின்றன. அந்தக் காலம் முடிந்துவிட்டது. 2015இல் வந்த மார்ஷ்மெல்லோ என்ற ஆண்ட்ராய்டு பதிப்பு, போன் அசையாமல் கிடந்தால் டோஸ் என்ற உறக்க நிலைக்குள் போகப் பழகியது. 2016இல் நௌகட், சட்டைப் பையில் போட்டு நடந்தாலும் திரை அணைந்திருந்தால் பாதி உறக்கம் என்றது. 2017இல் ஓரியோ வந்தபோது, பின்னணியில் இருக்கும் ஆப் சாதாரண சர்வீஸைத் தொடங்க முயன்றாலே எக்செப்ஷன், அதாவது பிழை. 2018இல் பை என்ற ஆண்ட்ராய்டு 9, ஆப்களை எவ்வளவு புழங்குகிறீர்கள் என்று பார்த்துத் தொட்டி தொட்டியாகப் பிரித்தது. 2021இல் ஆண்ட்ராய்டு 12, சில விலக்குகள் தவிர, பின்னணியிலிருந்து ஃபோர்கிரவுண்ட் சர்வீஸையும் (நோட்டிஃபிகேஷன் காட்டிக்கொண்டே ஓடும் சர்வீஸ்) தொடங்கக் கூடாது என்று கதவை அடைத்தது. எழுதுபவர்களுக்கு இது எரிச்சல்தான். ஆனால் நான் கூகுள் பக்கம்தான் நிற்பேன். பேட்டரி, போனை வாங்கியவருடையது. ஆளுக்கு ஒரு சர்வீஸை ஓடவிட்டு மதியத்துக்குள் சார்ஜைக் குடித்த நாட்களை நான் பார்த்திருக்கிறேன். கரண்ட் வந்து போகும் ஊரில் அது சின்ன விஷயம் இல்லை.

2018 மே மாதம் கூகுளின் ஐ/ஓ மாநாட்டில் வொர்க்மேனேஜரை அறிவித்தார்கள். 2019 மார்ச்சில் 1.0 வந்தது. அதற்கு முன்பு இதே வேலைக்கு ஜாப் ஷெட்யூலர், ஃபயர்பேஸ் ஜாப் டிஸ்பேச்சர், எவர்நோட் நிறுவனத்தார் வெளியிட்ட ஆண்ட்ராய்டு ஜாப், அலாரம் மேனேஜர் என்று ஆளுக்கொன்றாகப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தோம். எவர்நோட்காரர்களே பிறகு தங்கள் லைப்ரரியை நிறுத்திவிட்டு, வொர்க்மேனேஜருக்குப் போங்கள் என்று எழுதிவிட்டார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, வேலையை ஒப்படைத்த கணமே அது தன் சொந்த டேட்டாபேஸில் எழுதி வைத்துக்கொள்வது. உள்ளே ரூம் என்ற டேட்டாபேஸ் லைப்ரரியை வைத்துக் கட்டிய ஒரு சின்ன எஸ்.க்யூ.லைட் கோப்பு அது. ஆப் செத்தாலும், போன் அணைந்து எழுந்தாலும், அந்த வரி அங்கேயே இருக்கும். நெட் வேண்டும், பேட்டரி குறைவாக இருக்கக் கூடாது, சார்ஜில் இருக்க வேண்டும் என்று நாம் போட்ட நிபந்தனைகளும் அதனோடு இருக்கும். நிபந்தனை கூடி வந்ததும் ஆண்ட்ராய்டு நம் ஆப்பை எழுப்பி வேலையைக் கொடுக்கும். ரிஜிஸ்டர் தபால் மாதிரி: சேர்ந்துவிடும், எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்கக் கூடாது.

எங்கள் ஆப்பில் சேமி பொத்தானை அழுத்தியதும் பதிவு முதலில் போனில் உள்ள எங்கள் டேட்டாபேஸ் டேபிளில் விழும், அனுப்பவில்லை என்ற குறியோடு. அடுத்த வரியில் வொர்க்மேனேஜருக்கு ஒரு வேலை. அந்த வேலைக்குள் பால் கணக்கு எதையும் நான் வைப்பதில்லை. வேலையோடு அனுப்பும் தரவுக்கு 10 கே.பி. என்று வரம்பு இருக்கிறது, மீறினால் எக்செப்ஷன். அதனால் சென்டர் எண் மட்டும் போகும். அந்த வேலையைச் செய்யும் நிரல் பகுதியான வொர்க்கர் எழுந்ததும் டேபிளைப் பார்த்து, அனுப்பாத வரிகளை எடுத்து, சர்வர் சரி என்று சொன்ன பிறகு குறியை மாற்றும். சில பேர் பதிவு முழுவதையும் ஜேசன் வடிவில் அப்படியே உள்ளே திணிக்கிறார்கள். சோதனையில் ஓடும், களத்தில் ஒரு பெரிய பதிவு வந்ததும் உடையும்.

ஒரே பெயரில் இரண்டாவது வேலை வந்தால் என்ன செய்வது என்று நாம்தான் சொல்ல வேண்டும். இங்கேதான் கவனம் தேவை. கீப் என்றால் பழையது இருக்கும்வரை புதியதைத் தூக்கிப் போட்டுவிடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வொர்க்கர் டேபிளைப் படித்து முடித்து, அனுப்பிக்கொண்டிருக்கும்போது அடுத்த ஆளின் பால் பதிவானால்? புதிய வேலை கீப்பால் நிராகரிக்கப்படும், ஓடிக்கொண்டிருக்கும் வொர்க்கருக்கோ அந்தப் பதிவு தெரியாது. வேறு யாராவது பால் ஊற்ற வரும்வரை அது அங்கேயே கிடக்கும். அந்த வேளையின் கடைசி ஆள் என்றால் மாலை வரைக்கும். அதனால் நாங்கள் அப்பெண்ட் ஆர் ரீப்ளேஸ் வைத்திருக்கிறோம். புதிய வேலை பழையதன் பின்னால் வரிசையில் நிற்கும். வரிசை நீளும்தான், ஆனால் முன்னால் போனதே எல்லாவற்றையும் அனுப்பிவிட்டால் பின்னால் வருபவை டேபிளை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு முடிந்துவிடும். வெறும் அப்பெண்ட் வேண்டாம். வரிசையில் ஒன்று தோற்றுவிட்டால் அதன் பின்னால் ஒட்டுபவை எல்லாம் ஓடாமலே தோற்றதாக எழுதப்படும்.

இன்னொன்று, வொர்க்கர் பாதியில் நிறுத்தப்படலாம். சிக்னல் போனால் நிறுத்தும். பத்து நிமிடத்துக்கு மேல் ஓடினால் நிறுத்தும். நிறுத்திய பிறகு மறுபடி முதலிலிருந்து ஓடும். சர்வர் பதிவை வாங்கிக்கொண்டு, சரி என்ற பதில் திரும்பி வருவதற்குள் நெட் அறுந்தால் அதே பதிவு இரண்டாம் முறையும் போகும். இரண்டு தரம் ஏறினால் ஒருவருக்கு ஐந்து லிட்டருக்குப் பதில் பத்து லிட்டர் காசு. இதை வொர்க்மேனேஜர் தடுக்காது, தடுக்கவும் முடியாது. பதிவு உருவாகும் கணத்திலேயே போனில் ஒரு யூ.யூ.ஐ.டி. (வேறெந்தப் பதிவுக்கும் வராத அடையாள எண்) கொடுத்து, அதே எண் திரும்ப வந்தால் சர்வர் சேர்க்காமல் சரி என்று மட்டும் சொல்ல வேண்டும். பின்னணி வேலை என்றாலே பாதி வேலை சர்வர் பக்கம்தான் என்று நான் புதிதாக வருபவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன். சர்வர் எழுதுபவரும் நீங்களும் உட்கார்ந்து இதைப் பேசாமல் ஆப்பில் ஒரு வரியும் தொடங்காதீர்கள்.

மறுமுயற்சிக்கான இடைவெளியில் ஒரு குறை. வேலை தோற்று, திரும்ப முயற்சி செய் என்று சொன்னால், இயல்பாக 30 நொடி காத்திருக்கும். அடுத்த தோல்விக்கு 60, அப்புறம் 120, இப்படி இரட்டித்துக்கொண்டே போகும். எட்டாவது தோல்விக்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும், உச்ச வரம்பு 5 மணி நேரம். சர்வருக்கு இது நல்லது. ஆனால் சிக்னல் கோடு காட்டிக்கொண்டே டேட்டா ஓடாத எங்கள் ஊர்களில், எட்டுத் தோல்வி என்பது ஒரு காலை நேரக் கணக்கு. பிறகு நெட் நன்றாக வந்தாலும் ஆப் சும்மா உட்கார்ந்திருக்கும். பின்னால் வரிசையில் நிற்பவையும் அதோடு சேர்ந்து காத்திருக்கும். நாங்கள் இரட்டிப்பதை விட்டுவிட்டு, சீராக ஏறும் லீனியர் முறைக்கு மாற்றினோம். கூடவே திரையில் ‘இப்போதே அனுப்பு’ என்று ஒரு பொத்தான். அது ரீப்ளேஸ் முறையில் பழைய வரிசையைக் கலைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும். யூ.யூ.ஐ.டி. இருப்பதால் அதில் பயமில்லை.

அந்தப் பொத்தானுக்குப் பக்கத்தில் எத்தனை பதிவு இன்னும் போகவில்லை என்ற எண்ணும் இருக்கும். வொர்க்மேனேஜர் வேலையின் நிலையை, மாறும்போதெல்லாம் தானே தெரிவிக்கும் ஃப்ளோவாகவும் லைவ்டேட்டாவாகவும் தருவதால் எண்ணின் பக்கத்தில் காத்திருக்கிறது, போகிறது என்று காட்டுவது எளிது. சென்டர்காரர்களுக்கு இதுதான் முக்கியம். முன்பு, “தம்பி, காலைக் கணக்கு ஆபீஸ்ல ஏறிடுச்சா பாத்து சொல்லுப்பா” என்று போன் வரும். இப்போது அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். பின்னணியில் நடப்பது கண்ணுக்குத் தெரியாது என்பதாலேயே அதை முன்னணியில் காட்ட வேண்டும்.

சரி, நேரம் சார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். திரும்பத் திரும்ப ஓடும் வேலைக்குக் குறைந்தபட்ச இடைவெளி 15 நிமிடம். ஐந்து நிமிடம் என்று எழுதினாலும் அது 15 ஆகத்தான் எடுத்துக்கொள்ளும். அந்தப் பதினைந்தும் உத்தரவாதம் இல்லை. டோஸில் இருக்கும் போன் தன் பராமரிப்பு நேரம் வரும்போதுதான் விழிக்கும். ஆப்பைத் திறந்து பல நாளானால் அது அரிதாகப் புழங்கும் ஆப்களுக்கான ‘ரேர்’ தொட்டிக்குள் விழுந்து, வேலைகள் இன்னும் தள்ளிப் போகும். காலை ஆறு மணிக்குச் சரியாக ஒலிக்க வேண்டிய நினைவூட்டலை இதில் வைத்துவிட்டு லைப்ரரி சரியில்லை என்பது நியாயம் இல்லை. அதற்கு அலாரம் மேனேஜர் இருக்கிறது. துல்லிய அலாரத்துக்கு இப்போது தனி அனுமதியும் கேட்க வேண்டும். சர்வரில் ஏதோ நடந்ததும் போனுக்குத் தெரிய வேண்டுமா, கூகுளின் புஷ் செய்திச் சேவையான எஃப்.சி.எம். வழியே அனுப்புங்கள். கால் மணிக்கு ஒரு முறை போய் எட்டிப் பார்க்கும் வொர்க்கர் எழுதாதீர்கள்.

உடனே என்பதற்கு நெருக்கமாக ஒன்று இருக்கிறது. 2.7 பதிப்பில் வந்த எக்ஸ்பிடைட்டட் வேலை. ஒவ்வொரு ஆப்புக்கும் இதற்கு ஒரு பங்கு நேரம் உண்டு. தீர்ந்துவிட்டால் சாதாரண வேலையாக ஓடட்டும் அல்லது வேண்டாம் என்று நாம் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். வேளை முடிந்து ‘கணக்கு மூடு’ அழுத்தும்போது போகும் மொத்தக் கணக்குக்கு மட்டும் நாங்கள் இதை வைத்திருக்கிறோம். டேங்கர் கிளம்புவதற்குள் அது அலுவலகத்தில் தெரிய வேண்டும். எல்லா வேலைக்கும் இதைப் போட்டால் பங்கு காலியாகி, அவசரமானதும் வரிசையில் நிற்கும்.

இடைவிடாமல் ஓட வேண்டியதற்கு இந்த லைப்ரரி ஆகாது. பால் வண்டி எங்கே வருகிறது என்று காட்டும் டிரைவர் ஆப்புக்கு நாங்கள் ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ்தான் வைத்திருக்கிறோம், நோட்டிஃபிகேஷன் மேலே நிற்க. டிரைவர் டிரிப்பைத் தொடங்கும் பொத்தானை அவரே அழுத்துவார், ஆப் திரையில் இருக்கும்போது. அதனால் ஆண்ட்ராய்டு 12இன் தடை குறுக்கே வராது. 2023இல் வந்த ஆண்ட்ராய்டு 14ஐ டார்கெட் செய்தால் (ஆப் அந்தப் பதிப்புக்கானது என்று அறிவித்தால்) சர்வீஸ் எந்த வகை என்று மேனிஃபெஸ்ட் என்ற அறிவிப்புக் கோப்பில் சொல்லியே ஆக வேண்டும், அந்த வகைக்கான தனி அனுமதியும் வேண்டும், பிளே கன்சோலில் ஏன் தேவை என்று விளக்கி வீடியோவும் கொடுக்க வேண்டும். 2024இன் ஆண்ட்ராய்டு 15ஐ டார்கெட் செய்தால், டேட்டா சிங்க் வகைச் சர்வீஸுக்கு ஒரு நாளில் 6 மணி நேரம்தான். தரவை அனுப்ப ஃபோர்கிரவுண்ட் சர்வீஸை நாள் முழுக்க ஓடவிடுவது இனி நடக்காது. அந்த வகையில் கட்டியிருப்பவர்கள் இப்போதே வொர்க்மேனேஜருக்கு மாற்றத் தொடங்குங்கள்.

வொர்க்மேனேஜரின் மீது பழி விழும், ஆனால் அதன் தவறே இல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு சென்டரில் போனை மாற்றினார்கள், விலை குறைந்த புதிய மாடல். அன்றிலிருந்து மாலைப் பதிவுகள் அடுத்த நாள் காலையில்தான் ஏறின. நெட் இருந்தது, நிபந்தனைகள் எல்லாம் சரியாக இருந்தன. போய்ப் பார்த்தபோது, அந்த அக்கா வேலை முடிந்ததும் பழக்கமாக எல்லா ஆப்களையும் ரீசன்ட்ஸ் திரையில் தள்ளி மூடுவது தெரிந்தது. தூய ஆண்ட்ராய்டில் அப்படித் தள்ளினால் வேலைகள் போகாது. அந்தத் தயாரிப்பாளரின் மாடல், தள்ளிய ஆப்பை ஃபோர்ஸ் ஸ்டாப் (செட்டிங்ஸில் போய்க் கட்டாயமாக நிறுத்துவது) செய்தது போலவே நடத்தியது. ஃபோர்ஸ் ஸ்டாப் ஆன ஆப்பின் ஜாப்கள் எல்லாம் ரத்தாகும். யாராவது ஆப்பைத் திறக்கும்வரை எதுவும் ஓடாது. காலையில் அவர் திறந்ததும், வொர்க்மேனேஜர் தன் டேட்டாபேஸைப் பார்த்து, நடந்ததைப் புரிந்துகொண்டு, எல்லா வேலையையும் மறுபடி வரிசைப்படுத்தியது. முந்தைய மாலைக் கணக்கு முழுவதும், ஒரு சொட்டு சிந்தாமல் போய்ச் சேர்ந்தது. தாமதம் ஆனது, தொலையவில்லை. இந்த லைப்ரரியின் மீது எனக்கு உண்மையான மதிப்பு வந்தது அந்தக் காலையில்தான்.

அந்த போனில் செட்டிங்ஸுக்குள் போய் ஆட்டோஸ்டார்ட்டை இயக்கி, பேட்டரியில் ‘கட்டுப்பாடு இல்லை’ என்று வைத்ததும் சரியானது. எந்த நிறுவன போனில் எந்த மெனுவுக்குள் இந்த அமைப்பு ஒளிந்திருக்கிறது என்று டோன்ட் கில் மை ஆப் என்ற தளம் தொகுத்து வைத்திருக்கிறது. எங்கள் ஆட்கள் புதிய சென்டருக்குப் போனால் தராசை அமைப்பதோடு இதையும் செய்துவிட்டுத்தான் திரும்புவார்கள். பேட்டரி விலக்கை நேரடியாகக் கேட்கும் திரையை ஆப்பிலிருந்தே காட்டலாமே என்று கேட்கலாம். அதற்கு பிளே ஸ்டோரின் கொள்கை கறாரானது; எல்லா ஆப்புக்கும் அனுமதிக்க மாட்டார்கள்.

பழைய பதிப்பிலிருந்து புதியதற்குப் போகும்போது ஒரு கண்ணி இருக்கிறது. வொர்க்கர் கிளாஸின் முழுப் பெயரைத்தான் டேட்டாபேஸில் எழுதி வைத்திருக்கும். நிரலை அழகுபடுத்துகிறேன் என்று வொர்க்கரை வேறு பேக்கேஜுக்கு நகர்த்திவிட்டு வெளியிட்டால், களத்தில் வரிசையில் காத்திருக்கும் பழைய வேலைகள் அந்தப் பெயரைத் தேடி, கிடைக்காமல், தோற்றதாக முடியும். வொர்க்கரை உருவாக்கித் தரும் வொர்க்கர் ஃபேக்டரி ஒன்றை எழுதிப் பழைய பெயரைப் புதியதோடு இணைத்துவிடுங்கள். இல்லையென்றால் வொர்க்கர் பெயரில் கையே வைக்காதீர்கள். ஆவணத்தில் இதை இன்னும் பெரிய எழுத்தில் போட்டிருக்கலாம் என்பது என் மனக்குறை.

ஐபோனில் இதற்கு நிகராக எதுவும் இல்லை. 2019இல் ஐ.ஓ.எஸ். 13இல் வந்த பி.ஜி. டாஸ்க் ஷெட்யூலர் இருக்கிறது, ஆனால் எப்போது ஓடும் என்பது முழுக்க ஐ.ஓ.எஸ். கையில். இரண்டு வகை போனுக்கும் சேர்த்து ஆப் எழுத உதவும் ஃப்ளட்டரில் வொர்க்மேனேஜர் என்ற பெயரிலேயே ஒரு பேக்கேஜ் உண்டு. இரண்டு பக்கத்துக்கும் ஒரே நிரல் என்று நம்பி இறங்காதீர்கள். ஆண்ட்ராய்டு பக்கம் கிடைக்கும் உறுதி ஐபோன் பக்கம் கிடைக்காது.

பிழை தேடுவது முன்பு கொடுமையாக இருந்தது, இப்போது நன்றாக இருக்கிறது. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் பேக்கிரவுண்ட் டாஸ்க் இன்ஸ்பெக்டரில் ஒவ்வொரு வேலையும் வரிசையாகத் தெரியும்: எந்த நிபந்தனைக்காகக் காத்திருக்கிறது, எத்தனையாவது முயற்சி, எதன் பின்னால் நிற்கிறது. 2.9இல் ஸ்டாப் ரீசன் வந்தது இன்னும் பெரிய உதவி. ஆண்ட்ராய்டு 12 முதல், வொர்க்கரை நிறுத்தியது நெட் போனதாலா, நேரம் முடிந்ததாலா, தொட்டி மாறியதாலா என்று காரணம் சொல்லும். அதை லாக்கில் எழுதி சர்வருக்கு அனுப்புங்கள். சென்டரில் இருந்து போன் வருவதற்குள் உங்களுக்குக் காரணம் தெரிந்திருக்கும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் எமுலேட்டரில் மட்டும் ஓட்டிவிட்டு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் ஏ.டி.பி.யில் டம்ப்சிஸ் டிவைஸ்ஐடில் கட்டளையால் போனைக் கட்டாயமாக டோஸுக்குள் தள்ளிப் பாருங்கள். ஆப்பை ‘ரேர்’ தொட்டியில் போட்டுப் பாருங்கள். வேலை ஓடும்போது ஏர்பிளேன் மோடைத் தட்டுங்கள். வரிசையில் பத்துப் பதிவு நிற்கும்போது போனை அணைத்துப் போடுங்கள். அப்புறம், உங்கள் ஆப்பைப் புழங்கப் போகிறவர் கையில் என்ன போன் இருக்கிறதோ அதே மாடலில் ஒன்று வாங்கி, இரவு முழுக்க சார்ஜ் போடாமல் மேசையில் வைத்துவிட்டு, காலையில் ஆப்பைத் திறப்பதற்கு முன்பு சர்வரில் என்ன ஏறியிருக்கிறது என்று பாருங்கள்.